சுவர் இல்லாத அறை

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டைக்கோ சாத்தூருக்கோ போகும் வழியில் பட்டாசு ஆலைப் பெயர்ப்பலகைகளுக்குக் குறைவிருக்காது. ஊருக்குப் புதியவர் உள்ளே எட்டிப் பார்த்தால் ஆலை எங்கே என்று தேடுவார். வேலி போட்ட கரிசல் நிலம், அங்கங்கே வேப்பமரம், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள், அவ்வளவுதான். எல்லா வேலையையும் ஒரே கூரைக்குள் வைத்துக்கொண்டால் நடையும் மிச்சம், சிமெண்டும் மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஆசைப்படக் கூடாது என்பது இந்தத் தொழிலின் சட்டம். மருந்து கலக்கும் அறை தனி, மருந்து செலுத்தும் அறை தனி, காயவைக்கும் களம் தனி, முடிந்த சரக்கு வைக்கும் கிடங்கு இன்னும் தள்ளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஊரில் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்று சொல்லும் சிறிய உரிமம் உள்ளவர் ஒரு நேரத்தில் 15 கிலோ வெடிமருந்து வரைதான் கையாளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ‘சென்னை லைசென்ஸ்’, அதற்கும் மேலே போனால் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையகம் இருக்கும் ‘நாக்பூர் லைசென்ஸ்’.

இந்த விதிகளை எழுதியவர்கள் விபத்தே நடக்காது என்று நம்பி எழுதவில்லை. நடந்தால் ஓர் அறையோடு நிற்கட்டும் என்று எழுதினார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த விபத்து ஓர் அறையோடு நிற்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள்.

ஓரிடத்துப் பிழையை அந்த ஓர் அறையோடு எப்படி நிறுத்துவது என்ற இதே கேள்வி கணினி இயங்குதளங்களை வடிவமைத்தவர்களுக்கும் வந்தது. அங்கே போவது உயிரல்ல என்பதால் இரண்டையும் ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் அவர்கள் கண்ட விடையில் பாதி சிவகாசி விதிகளோடு அச்சாகப் பொருந்துகிறது. பொருந்தாத பாதியைப் பற்றியது இந்த அத்தியாயம்.

ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியை எடுத்துக்கொள்வோம். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் அது வெளிவந்தபோது உள்ளங்கை அகலப் பலகையில் முழு லினக்ஸ் ஓடுவதே பெரிய சேதியாக இருந்தது. அதில் ஓடும் ஒவ்வொரு நிரலும், பிரவுசரோ பைத்தான் ஸ்கிரிப்டோ, தனித்தனி அறையில் இருக்கிறது. அறைகளுக்கு இடையே உள்ள தூரத்தைச் சிப்புக்குள் இருக்கும் நினைவக மேலாண்மை அலகு காவல் காக்கிறது. தனக்கு ஒதுக்காத முகவரியை ஒரு நிரல் தொட்டால் வன்பொருளே மறித்து இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கூப்பிடும், கெர்னல் அந்த நிரலை அங்கேயே முடித்துவிடும். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற வரியைத் திரையில் பார்த்துச் சலித்துக்கொள்கிறோம். ஓர் அறை போனது, மற்றவை நிற்கின்றன என்பதே அந்த வரியின் பொருள்.

கெர்னலுக்குள் இந்த ஏற்பாடு கிடையாது. கோப்புகளைக் கவனிக்கும் பகுதி, நெட்வொர்க், யூஎஸ்பி, திரை, கடிகாரம் எல்லாம் ஒரே முகவரி வெளியில், ஒரே அதிகாரத்தோடு, நடுவில் ஒரு தட்டி கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. லினக்ஸ் பிறந்த சில மாதங்களிலேயே இதைச் சொல்லிக் கண்டித்தவர் ஆண்ட்ரூ டனன்பாம். ஆம்ஸ்டர்டாமில் இயங்குதளப் பாடம் நடத்திய பேராசிரியர், மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தை எழுதியவர். ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் பிறக்கும்போதே காலாவதியானது என்று 1992 ஜனவரியில் அவர் எழுதினார். கெர்னலைச் சிறிதாக வைத்து, மற்ற வேலைகளைத் தனித்தனி நிரல்களாக வெளியே தள்ளிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படியே சிவகாசியின் வாதம். பொருளை அறைக்கு அறை சுமந்துகொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும் என்பது எதிர்க்கட்சியின் வாதம். சந்தையில் எதிர்க்கட்சி ஜெயித்தது. இன்று உலகின் கோடிக்கணக்கான கைபேசிகளும் சர்வர்களும் தடுப்புச் சுவர் இல்லாத ஒரே அறையை நம்பித்தான் ஓடுகின்றன.

1995-இல் 1.2 பதிப்பு வந்த காலத்தில் லினக்ஸுக்குள் மாட்யூல் என்ற வசதி நிலைபெற்றது. அதற்கு முன்பு புதிய கருவி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் கெர்னல் முழுவதையும் மறுபடி தொகுத்து, கணினியை மறுபடி கிளப்ப வேண்டும். மாட்யூல் வந்தபின் வேண்டிய பகுதியை மட்டும் தனிக் கோப்பாகத் தொகுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம். தனிக் கோப்பாக இருப்பதால் தனி அறையில் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஏற்றும் கணத்தில் கெர்னல் அதற்கு நினைவகம் ஒதுக்குகிறது, அது கேட்கும் செயல்கூறுகளின் முகவரிகளை அதில் பொருத்துகிறது, தொடக்கச் செயல்கூற்றை ஓட்டுகிறது. அந்த நொடியிலிருந்து அது கெர்னலேதான். கோப்பு முறைமைக்கு இருக்கும் அதிகாரம் முழுவதும் நேற்று நாம் எழுதிய நூறு வரிக்கும் உண்டு.

அப்படியானால் உள்ளே போக என்ன அவசியம்? இதற்குச் சிவகாசியிலேயே நல்ல உதாரணம் கிடைக்கிறது: காற்றின் ஈரப்பதம்.

மழை மறைவுப் பகுதியான இந்த மாவட்டத்தின் வறண்ட காற்றுதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபோது, குச்சி காயவும் மருந்து காயவும் இந்த வெயில் தோதாக இருந்தது. அதே வறட்சிக்கு இன்னொரு முகம் உண்டு. காற்றில் ஈரம் குறைந்தால், உராயும் பொருள்களில் சேரும் மின்னூட்டம் கசிந்து வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். மனித உடலை ஏறத்தாழ 200 பிக்கோஃபாரட் கொண்ட மின்தேக்கி என்று வைத்துக்கொண்டால், வறண்ட நாளில் 10,000 வோல்ட் ஏறிய உடலில் 10 மில்லிஜூல் ஆற்றல் நிற்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஒரு சின்னப் பொறி, அவ்வளவே. அலுமினியத் தூள் கலந்த மருந்தின் பக்கத்தில் அந்தப் பொறியை அற்பம் என்று ஒதுக்க முடியாது. பருத்தி உடுப்பு, பித்தளைக் கருவி, நுழையும்போது தொட வேண்டிய நிலத்தில் இணைத்த உலோகத் தகடு எல்லாம் இதற்காகத்தான். ஈரம் கூடினாலும் நிம்மதியில்லை. நனைந்த அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்தால் மெதுவாக வினைபுரிந்து தாமாகவே சூடேறும். தீபாவளி நெருங்கி வேலை முடுக்கும் மாதங்களில்தான் மழையும் தொடங்குகிறது.

ஒரே நாளுக்குள்கூட ஈரப்பதம் பாதியாகும். விடியற்காலையில் 25 டிகிரியில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை, அதிலுள்ள நீராவி மாறாமல் நண்பகலில் 38 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். காலையில் ஒரு முறை பார்த்துப் பலகையில் எழுதிவைக்கும் எண் மதியத்துக்கு உதவாது என்பதால், தொடர்ந்து அளந்து பதிவு செய்யும் ஏற்பாட்டுக்குப் பயன் உண்டு. கைபேசியையே அனுமதிக்காத இடத்தில் சாதாரண மின்னணுப் பலகையை வைப்பது குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசும் கணினி மருந்து அறைக்குள் போகாது. பாதுகாப்புத் தூரத்துக்கு அப்பால் அலுவலகத்திலோ வானிலைக் கம்பத்திலோ இருக்கும்.

மலிவான உணரி டிஎச்டி11, அல்லது அதன் அண்ணன் டிஎச்டி22. மூன்றே கம்பிகள்: மின்சாரம், நிலம், தகவல். தகவலுக்கு ஒரே கம்பி என்பதால் எல்லாமே நேரக்கணக்கில் ஓடுகிறது. கணினி அந்தக் கம்பியைக் குறைந்தது 18 மில்லிநொடி கீழே இழுத்துப் பிடித்து விடுவிக்க வேண்டும். உணரி விழித்துக்கொண்டு 80 மைக்ரோநொடி கீழே, 80 மைக்ரோநொடி மேலே என்று பதில் குரல் கொடுக்கும். பிறகு 40 பிட்டுகள். ஒவ்வொரு பிட்டும் 50 மைக்ரோநொடி மௌனத்தில் தொடங்கும். அதையடுத்து கம்பி மேலே நிற்கும் நேரம் சுமார் 27 மைக்ரோநொடி என்றால் பூச்சியம், 70 என்றால் ஒன்று. மொத்தப் பேச்சும் 5 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும், உடனே மறுபடி கேட்டால் சொல்லாது.

இதைப் பைத்தானில் படிக்க முயன்றால் சிக்கல் உடனே தெரியும். சாதாரண நிரலைக் கெர்னல் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி வேறொன்றை ஓட்டலாம், திரும்பி வரச் சில மில்லிநொடிகள் ஆகலாம். அதற்குள் 40 பிட்டும் பேசி முடிந்திருக்கும். அடாஃப்ரூட் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற நூலகம் இதற்குக் கண்ட தீர்வு, தோற்றால் இரண்டு நொடி விட்டு 15 முறை வரை மறுபடி கேட்பது. வேலை நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நூலகம் அதிர்ஷ்டத்தை நம்பி நிற்கிறது.

கெர்னலுக்குள் இருப்பவருக்கு இந்தத் தவிப்பு இல்லை. கம்பியின் நிலை மாறும் ஒவ்வொரு முறையும் வன்பொருள் குறுக்கீடு வரும்படி செய்து, அந்தக் கணத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். லினக்ஸ் மூலநிரலில் இதற்கான டிரைவர் பல ஆண்டுகளாகவே இருக்கிறது, எழுதியவர் ஹெரால்ட் கெயர். அது நிலைமாற்றங்களைக் குறித்து வைக்கிறது. உணரி 84 தடவை மாறும், கடைசி மாற்றத்தால் பயனில்லை என்பதால் 83-ஐ மட்டும் சேமிக்கிறது. பிறகு ஆற அமர உட்கார்ந்து, 49 மைக்ரோநொடியை எல்லையாக வைத்து எது பூச்சியம், எது ஒன்று என்று பிரிக்கிறது. கடைசி 8 பிட்டு முன்னவற்றின் கூட்டலோடு ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று சொல்லிவிடுகிறது.

நானூறு வரிகூட வராத இந்தக் கோப்பை மாட்யூல் எழுதக் கற்பவர்கள் ஒரு தடவை முழுதாக வாசிக்க வேண்டும். குறுக்கீட்டைக் கவனிக்கும் செயல்கூறு செய்வது நேரத்தைக் குறித்துவிட்டு வெளியேறுவது மட்டும். கணக்குப் போடுவதில்லை, காத்திருப்பதில்லை. குறுக்கீட்டுச் சூழலில் தூங்கப் போனால் ‘அணுநிலையில் இருக்கும்போது அட்டவணையிடுகிறாய்’ என்று கெர்னல் கதறும். குறுக்கீட்டுக்கான உரிமையையும் அது எப்போதும் கையில் வைத்துக்கொள்வதில்லை. அளவு கேட்கும்போது வாங்கி, படித்து முடித்ததும் திருப்பிக் கொடுக்கிறது. அறைக்குள் அந்த வேளைக்கு வேண்டிய மருந்தை மட்டும் கொண்டுவா என்று பட்டாசு ஆலையில் போர்மேன் சொல்வது இதைத்தான்.

இன்னொரு நுணுக்கம். ஈரப்பதம் 54.3 சதவீதம் என்றால் டிரைவர் 54300 என்று முழு எண்ணாகத்தான் தரும். நிரலிலிருந்து கெர்னலுக்குள் நுழையும்போது பதின்மக் கணக்குக்கான பதிவேடுகளைச் சேமித்து வைப்பதில்லை. அந்த நேரம் மிச்சப்படட்டும் என்று அப்படி விட்டிருக்கிறார்கள். உள்ளே யாராவது புள்ளி வைத்துக் கணக்குப் போட்டால் வெளியே ஓடும் ஏதோ ஒரு நிரலின் எண்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். வழக்கமான சி நூலகமும் அங்கே கிடையாது. அடுக்கு நினைவகம் 64 பிட் ஆர்ம் கணினியில் 16 கிலோபைட்தான், பெரிய அணியொன்றை அலட்சியமாக அறிவித்தால் வழிந்துவிடும்.

இனி தொகுத்தல். இதற்கு வேண்டிய மேக் கோப்பு ஓரிரு வரிதான், அதனால் பலர் இதை எளிது என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த வரிகள் எதையும் தொகுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் தொகுப்பு அடைவுக்குப் போய், அங்கே உள்ள விதிகளையும் அமைப்புகளையும் கொண்டே இந்தக் கோப்பைத் தொகு என்று கட்டளையிடுகின்றன. அந்த அடைவு கணினியில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் படி, அதற்குக் கெர்னல் ஹெடர்கள் என்ற தொகுப்பை நிறுவ வேண்டும். நிறுவாமல் முயன்றவர்களுக்கு ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்ற பதில்தான் கிடைக்கும்.

அதே கெர்னலின் விதிகள்தான் வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? கெர்னலுக்குள் தகவல் அமைப்புகளின் வடிவம் அமைப்புத் தேர்வுகளைப் பொறுத்து மாறுகிறது. ஒரு தேர்வை இயக்கினால் ஓர் அமைப்பின் நடுவில் புதிய உறுப்பு ஒன்று நுழையும், அதன் பின்னால் உள்ளவை எல்லாம் எட்டு பைட் தள்ளிப் போகும். பழைய கணக்கோடு தொகுத்த மாட்யூல் எண்ணிக்கை என்று நினைத்து எழுதுவது இப்போது யாருடைய முகவரியின் மேலோ விழும். தடுக்கச் சுவர் இல்லை. ஆகவே வாசலிலேயே பரிசோதனை. ஒவ்வொரு மாட்யூலிலும் வெர்மேஜிக் என்ற ஒரு வரி பதிந்திருக்கும்: கெர்னலின் பதிப்பு எண், பல கருக்கள் உண்டா, இடைமறிப்பு முறை என்ன, எந்த வகைச் சிப். ஓடும் கெர்னலின் வரியோடு ஓர் எழுத்து பிசகினாலும் ‘தவறான மாட்யூல் வடிவம்’ என்று திருப்பி அனுப்பிவிடும். இதற்கு மேல், வெளியே தரும் ஒவ்வொரு செயல்கூற்றின் கையொப்பத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒப்பிடும் ஏற்பாடும் உண்டு. இந்தச் சோதனைகளைப் புறக்கணித்து வலுக்கட்டாயமாக ஏற்ற ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்தால் கெர்னல் தன்மேல் ஒரு களங்கக் குறியை இட்டுக்கொள்ளும், அதன்பின் வரும் பிழை அறிக்கையை டெவலப்பர்கள் யாரும் சீந்த மாட்டார்கள். நியாயம்தான்.

ராஸ்பெர்ரி பையில் இதில் ஒரு பொறி இருக்கிறது. பை 4-இல் 32 பிட் இயங்குதளத்தைப் பதிந்தாலும், 2023 முதல் கெர்னல் மட்டும் 64 பிட்டாகக் கிளம்புகிறது. தொகுப்பான் 32 பிட், கெர்னல் 64 பிட். நிரல்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது, மாட்யூல் தொகுக்கும் அன்றுதான் குட்டு வெளிப்படும். அமைப்புக் கோப்பில் 64 பிட்டை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பலாம், அல்லது 64 பிட் ஆர்முக்கான குறுக்குத் தொகுப்பானை நிறுவலாம். என் பரிந்துரை, முதலிலேயே 64 பிட் இயங்குதளத்தைப் பதிவது.

பெரிய மாட்யூல்களை வேகமான மேசைக் கணினியில் தொகுத்துப் பலகைக்கு மாற்றுவதும் வழக்கம். மூலநிரல் ஒன்றேதான், கட்டளைத் தொகுதி மட்டும் மாறும். சென்னை ஐஐடியின் சக்தி குழு 2018-இல் தங்கள் ரிஸ்க்-ஃபைவ் சிப்பில் லினக்ஸைக் கிளப்பிக் காட்டியபோது இதுவே நடந்தது. இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில் வார்த்த சிப், பேராசிரியர் காமகோடி குழுவின் வடிவமைப்பு. பின்னர் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்திலும் 180 நானோமீட்டரில் வார்த்தார்கள். அந்த லினக்ஸுக்கும் மாட்யூல் எழுதும் முறை இதுவேதான். ஆர்முக்குத் தொகுத்த கோப்பை அங்கே கொடுத்தால் மட்டும் வாசலைத் தாண்டாது.

எல்லாம் சரியாகத் தொகுத்து ஏற்றியபின் ஒரு பூச்சிய முகவரியைத் தொட்டால் என்ன ஆகும்? கெர்னல் ‘ஊப்ஸ்’ என்று ஒரு பதிவை எழுதிவிட்டு, அப்போது ஓடிய நிரலைக் கொன்று, நொண்டிக்கொண்டே ஓடப் பார்க்கும். கையில் பூட்டு ஏதும் வைத்திருந்தபோது அது நடந்தால் அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் மற்றவை வரிசையாக உறைந்துபோகும். ஆளில்லாக் கம்பத்தில் நிற்கும் கணினிக்கு இந்த நொண்டல் ஆபத்து. பதிவு நடப்பதுபோல் தோன்றும், எண்கள் மாறாது. ஊப்ஸ் வந்ததும் நின்றுவிடு என்ற அமைப்பை இயக்கி, சிப்பிலுள்ள காவல் கடிகாரத்தையும் இயக்கிவிட்டால் சுமார் 15 நொடிக்குள் கணினி தானாகவே மறுபடி கிளம்பும். 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்ட் மொழியிலும் மாட்யூல் எழுத வழி திறந்திருக்கிறார்கள். ஓடும்போது சுவர் இல்லாவிட்டாலும் தொகுக்கும்போதே பாதித் தவறுகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. அது நல்ல முயற்சி, ஆனால் டிரைவர்களில் மிகப் பெரும்பாலானவை இன்னும் சி மொழியில்தான் இருக்கின்றன.

கெர்னல் புதுப்பிப்பு வந்த மறுநாள் மாட்யூல் காணாமல் போகும் தொல்லைக்கு, டெல் நிறுவனத்தில் பிறந்த டிகேஎம்எஸ் தீர்வு. மூலநிரலை அதனிடம் ஒப்படைத்துவிட்டால் புதிய கெர்னல் நிறுவப்படும்போதெல்லாம் அதுவே மறுபடி தொகுத்து வைக்கும். டிஎச்டி11-க்கு அதுவும் தேவைப்படாது. ராஸ்பெர்ரி பை கெர்னலோடு அந்த மாட்யூல் கூடவே வருகிறது, அமைப்புக் கோப்பில் எந்தப் பின்னில் உணரி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும். அதன்பின் ஈரப்பதம் சிஸ் கோப்பு முறைமையில் ஒரு கோப்பாகத் தெரியும். எச்சரிக்கை ஒலி, குறுஞ்செய்தி, வரைபடம் எல்லாவற்றையும் வெளியே பைத்தானில் எழுதலாம், பிழை வந்தால் அந்த அறை மட்டும் போகும்.

ஆலை வளாகத்துக்கு என்று யாராவது உண்மையில் கேட்டால் நான் டிஎச்டி11-ஐச் சொல்ல மாட்டேன். அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ 5 சதவீதம், கம்பியும் 20 மீட்டருக்கு மேல் தாங்காது. அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டிய நிலத்தில் 20 மீட்டர் எதற்கும் காணாது. ஆர்எஸ்-485 இணைப்போடு வரும் தொழிற்சாலை உணரிகளின் கம்பி 1200 மீட்டர் வரை போகும். பையோடு அதை இணைக்கும் யூஎஸ்பி மாற்றிக்கான டிரைவர் கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோநொடிக் கணக்கை உணரிக்குள் இருக்கும் சிப்பே பார்த்துக்கொள்ளும். மோட்பஸ் மொழியில் கேட்டு வாங்கும் பைத்தான் நிரல் ஒன்று போதும், கெர்னலுக்குள் நம் கையால் ஒரு வரியும் நுழைய வேண்டியதில்லை.